ரசீதே கதாநாயகன்: சிலைத் திருட்டும் கறுப்பு நகைச்சுவையும்

(பினாங்கு ஜோர்ஜ்டவுனில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம். பேச்சின் நடுவே சொன்ன கிளைக்கதைகள் சிலவும் இறுதியில் நடந்த கேள்வி பதிலும் இடம் கருதி விடப்பட்டுள்ளன.)



தலைப்பை நானே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள் அறக்கட்டளையார். துப்பறியும் கதையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பொறுப்பாளர், "ஐயா, இதற்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் சங்க இலக்கியம், திருமுறை..." என்று இழுத்தார். ஆழ்வாரும் வருவார், அம்பலவாணரும் வருவார், பயப்படாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். இருவரையும் அழைத்துத்தான் வந்திருக்கிறேன். இருவருமே இன்று ஒரு திருட்டு வழக்கு தொடர்பாக வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்ட செய்தி.

முதலில் ஓர் ஆங்கில நாவல். கைரில் பான்ஃபிக்லியோலி என்பவர் ஆக்ஸ்ஃபர்டில் ஓவிய வியாபாரியாக இருந்தவர். நாட்டுப்புற ஏலமொன்றில் டின்டொரெட்டோவின் ஓவியத்தை அடையாளம் கண்டு 40 பவுண்டுக்கு வாங்கியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1970களின் தொடக்கத்தில் 'டோன்ட் பாயிண்ட் தட் திங் அட் மீ' என்ற நாவலை எழுதினார். முதல் குற்ற நாவலுக்குத் தரும் ஜான் கிரீசி நினைவுப் பரிசு 1973இல் அதற்குக் கிடைத்தது. கதைசொல்லி சார்லி மார்ட்டெகாய் பிரபு வீட்டுப் பிள்ளை, ஓவிய வியாபாரி, சுகவாசி, கோழை, சுத்த அயோக்கியன். மாட்ரிட்டில் திருடுபோன கோயாவின் ஓவியம் ஒன்று அவன் கைக்கு வந்து சேர்கிறது. அதை ஒரு பழைய ரோல்ஸ் ராய்ஸ் காரின் கூரைத் துணிக்குள் மறைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறான். வழியெல்லாம் பிணங்கள். அவனோ சாப்பாட்டையும் மதுவையும் சட்டைத் துணியின் தரத்தையும் பற்றிப் பேச்சை நிறுத்துவதே இல்லை. இந்த வரிசை நாவல்களை வைத்து 2015இல் ஜானி டெப் நடித்த படம் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் அதைக் கொண்டு நாவலை எடைபோட வேண்டாம்.

அந்த நாவலைப் படிக்கும்போது நாம் எதற்குச் சிரிக்கிறோம்? திருட்டில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வீட்டில் திருட்டுச் சரக்கு இருக்கும்போதும் குறையாத அந்தக் கனவான் தோரணைக்குத்தான் சிரிக்கிறோம். அவனைச் சுற்றியிருக்கும் அதிகாரிகள், கோடீஸ்வரர்கள், வியாபாரிகள் எல்லாருக்கும் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். வாய்விட்டுக் கேட்பவர் மட்டும் யாரும் இல்லை. இன்றைய என் கருத்தை இதிலிருந்தே எடுக்கிறேன். கலைத் திருட்டுக் கதையின் கறுப்பு நகைச்சுவை, கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியை மரியாதைக்குரிய ஒருவர் கேட்காமல் விடும் இடத்தில் பிறக்கிறது. அந்த இடத்தை மூடி மறைக்க உதவும் பொருள் காகிதம்: ரசீது, கடிதம், சான்றிதழ், பதிவேடு. தமிழில் இப்படி ஒரு நாவல் எழுதுபவர் தன் கதாநாயகனை அங்கேதான் தேட வேண்டும்.

1. திருடன் சிறிய ஆள்

நம் துப்பறியும் கதைக்கு நூறாண்டு தாண்டிய வயது. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த், ராஜேஷ்குமார் என்று அந்த வரிசை நீளும். சென்னையில் அச்சான பாக்கெட் நாவல்கள் கடல் தாண்டி இங்கே வந்து, கைமாறிக் கைமாறி அட்டை கிழியும்வரை படிக்கப்பட்டதை இந்த அவையில் மூத்தவர்கள் அறிவீர்கள். சிலைக் கடத்தலும் அந்தக் கதைகளுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே சிலை ஒரு மரப்பெட்டிக்குள் கிடக்கும், வில்லன் சிரிப்பான், துறைமுகத்தில் சண்டை நடக்கும். அந்தப் பெட்டியிலிருந்து நடராஜரை எடுத்துவிட்டு வைரத்தையோ அபினையோ வைத்தாலும் கதை ஒரு வரிகூட மாறாது. என் குறை அதுதான்.

உண்மை வழக்குகளில் திருடன் பெரும்பாலும் ஏழை. சில நேரம் அவன் திருடனே அல்ல. 1976இல் தஞ்சைப் பக்கத்துப் பத்தூரில், இடிந்துபோன விசுவநாதசுவாமி கோயிலருகே மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவரின் கடப்பாரை செப்புத் திருமேனிகளில் இடித்தது. அவர் கைக்குக் கிடைத்தது மிகச் சிறு தொகை. ஆறு ஆண்டு கழித்து, 1982இல், அந்த நடராஜரை ஒரு கனடா எண்ணெய் நிறுவனம் லண்டனில் வாங்கிய விலை இரண்டரை லட்சம் பவுண்டு.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு சிறிய ஆள் உண்டு. 1961 ஆகஸ்ட் 21 அன்று லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்திலிருந்து கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் படம் காணாமல் போனது. 1,40,000 பவுண்டு கொடுத்து நாட்டுக்காக மீட்ட படம். உலகம் முழுவதும் ஒரு மகா கொள்ளைக்காரனைக் கற்பனை செய்தது. அடுத்த ஆண்டு வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனின் மாளிகைச் சுவரில் அந்தப் படத்தை மாட்டியே காட்டினார்கள். 1965இல் தானே வந்து சரணடைந்தவர் கெம்ப்டன் பன்டன், நியூகாசில் நகரத்து ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வயதான ஏழைகளுக்குத் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை யாராவது கட்ட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. படத்தைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்ததால் படத்தைத் திருடிய குற்றம் நிலைக்கவில்லை. சட்டகம் மட்டும் திரும்பி வரவில்லை. ஆகவே சட்டகத்தைத் திருடியதற்கு மூன்று மாதச் சிறை. படத்தை உண்மையில் எடுத்தவர் அவர் மகன் என்பது 2012இல் வெளியான ஆவணத்தில் தெரியவந்தது. இதை ஒரு நாவலாசிரியர் கற்பனையில் எழுதியிருந்தால், கொஞ்சம் அளவோடு எழுதக் கூடாதா என்று கடிந்திருப்போம்.

2. காகிதம் செய்யும் மாயம்

இனி அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான். சோழர் காலத்துப் பிரகதீசுவரர் கோயில். பூசை நின்றுபோய், உள்ளே திருமேனிகளை வைத்துப் பூட்டிய நிலையில் கிடந்தது. பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று அதிகாரிகள் கேட்டபோது ஊரார் விடவில்லை. எங்கள் சாமி எங்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்றார்கள். 2008இல் மறுபடியும் வந்து பூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே சாமி இல்லை. 2006லேயே போய்விட்டிருந்தது. இரண்டு ஆண்டு காலம் ஊரும் அரசும் ஒரு வெற்று அறைக்காக வழக்காடியிருக்கின்றன.

இதற்குள் நடராஜர் எங்கே போனார்? நியூயார்க்கில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற கலைக்கூடம் நடத்திய சுபாஷ் கபூரிடம் போனார். அவரிடமிருந்து 2008இல் ஆஸ்திரேலியாவின் கான்பரா தேசியக் காட்சியகத்துக்குப் போனார். விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர்.

அந்தப் பயணத்தில் அவரோடு போன காகிதங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கடத்தல் சிலைக்கு வழக்கமாக ஒரு சான்றிதழ் இருக்கும்: இது அண்மையில் செய்த கைவினைப் பொருள், பழம்பொருள் அல்ல. புதிதாக வார்த்த பித்தளைச் சிலைகள் பத்தோடு பதினொன்றாக அது கப்பல் ஏறும். விற்பனைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வேறொரு காகிதம் வரும்: இது பதினொன்றாம் நூற்றாண்டுச் சோழர் படைப்பு. கடலில் இருந்த சில வாரங்களில் சிலைக்கு ஆயிரம் வயது கூடிவிடுகிறது. இந்த இரண்டு காகிதத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு உலகத்தில் எவருக்கும் இல்லை. சுங்க அதிகாரி முதல் காகிதத்தைப் பார்க்கிறார். காட்சியகப் பொறுப்பாளர் இரண்டாவதைப் பார்க்கிறார். இருவரும் தத்தம் கடமையை ஒழுங்காகச் செய்தவர்களே.

மூன்றாவது காகிதம் இன்னும் சுவையானது. இந்தியத் தொல்பொருள் சட்டம் 1972இல் வந்தது. யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970. ஆகவே ஒரு சிலை அதற்கு முன்பே இந்தியாவைவிட்டுப் போனதாகக் காட்டிவிட்டால் விற்பவர் வாங்குபவர் இருவருக்கும் நிம்மதி. ஸ்ரீபுரந்தான் நடராஜருக்காக ஒரு சூடான் நாட்டு அதிகாரியைப் பிடித்தார்கள். அவர் 1968 முதல் 1971 வரை டெல்லியில் பணியில் இருந்தாராம். 1970இல் ஜும்மா மசூதிப் பக்கத்து உலோகக் கடை ஒன்றில் இந்த நடராஜரை வாங்கினாராம். அதற்கு ரசீது இருந்தது. பிற்பாடு அவர் மனைவி கொடுத்ததாக ஒரு கடிதமும் இருந்தது. இப்படியாக, கோயிலில் இருந்த நடராஜர் டெல்லிக் கடையில் விலைக்கு வந்து, சூடானியர் வீட்டுக் கூடத்தில் குடியிருந்து, நியூயார்க் போய்ச் சேர்ந்ததாக ஒரு முழு வாழ்க்கை வரலாறே எழுதப்பட்டது. காட்சியகம் அமர்த்திய வழக்கறிஞரே இந்தச் சான்றுகள் போதா என்று எச்சரித்திருக்கிறார். அதன் பிறகும் வாங்கினார்கள்.

அந்த வரலாற்றைக் கவிழ்த்தது ஒரு புகைப்படம். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். அவற்றில் 1994இல் எடுத்த படத்தில் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் இதே நடராஜர் நிற்கிறார். காகிதக் கணக்கின்படி அவர் இந்தியாவை விட்டுப் போய் இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும்.

கபூர் 2011 அக்டோபரில் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ஆனால் கான்பராவில் நடராஜர் 2014 மார்ச் வரை காட்சியிலேயே இருந்தார். விற்றவர் தமிழ்நாட்டுச் சிறையில் இருக்கிறார். விற்ற பொருள் கண்ணாடி விளக்கொளியில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த இரண்டரை ஆண்டுக்குள் மட்டும் ஒரு முழு நாவல் இருக்கிறது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார். 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அமெரிக்காவில் அவருடைய கிடங்குகளிலிருந்து மீட்ட கலைப்பொருட்கள் 2,600க்கும் மேல். மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2019இல் போட்ட மதிப்பு 10 கோடி டாலரைத் தாண்டும்.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். அதே அரியலூர் மாவட்டத்து உமா பரமேசுவரி ஒருத்தி 2007இல் சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குக் கபூர் வழியாகவே வந்து சேர்ந்தாள். விலை 6,50,000 அமெரிக்க டாலர். 2015இல் திருப்பி அனுப்பினார்கள். இடையில் சிங்கப்பூர் போன பினாங்குத் தமிழர்களில் எத்தனை பேர் அவளைப் பார்த்துக் கைகூப்பியிருப்போமோ.

3. சொல்லிவிட்டே வாங்கியவர்

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்று வரும். வாங்குபவர்கள் ஏமாந்தவர்கள்தானே, அவர்களை ஏன் பகடி செய்கிறீர் என்று கேட்கலாம். சிவபுரம் நடராஜர் கதை அதற்குப் பதில்.

கும்பகோணம் அருகே சிவபுரத்தில் 1951இல் வயலில் கிடைத்த திருமேனி அது. 1950களின் நடுவில் பழுது பார்க்க ஒரு ஸ்தபதியிடம் போனது. கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். மூலம் கைமாறி பம்பாய் போனது. ஊரார் நகலுக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார்கள். 1965இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரட் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதிய நூலில், கோயிலில் இருப்பது மூலமல்ல, மூலம் பம்பாயில் ஒரு தனியாரிடம் இருக்கிறது என்ற செய்தி அச்சேறியது. ஓர் ஆராய்ச்சிப் புத்தகம் வந்துதான் ஊருக்கும் அரசுக்கும் தெரிந்தது, தங்கள் சாமி தங்களிடம் இல்லை என்று.

அந்த மூலத்தை 1973இல் கலிபோர்னியத் தொழிலதிபர் நார்ட்டன் சைமன் வாங்கினார். சுமார் 9 லட்சம் டாலர் என்பார்கள். கடத்தல் சிலையா என்று பத்திரிகையாளர் கேட்டதற்கு, ஆமாம், கடத்தியதுதான், அண்மையில் தாம் வாங்கிய ஆசியக் கலைப்பொருட்களில் பெரும்பாலானவை அப்படித்தான் என்ற பொருளில் பதில் சொன்னதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பிறகு மறுத்தார். வழக்கு நடந்தது. 1976இல் சமரசம். சிலை இந்தியாவுக்கே சொந்தம். ஆனால் பத்தாண்டு அவரே வைத்துக்கொள்ளலாம். 1986இல் திரும்பி வந்தது.

நம் ஊர் அடகுக் கடையில்கூட இப்படி ஒரு ஏற்பாடு கேள்விப்பட்டதில்லை: பொருள் உன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன், பத்து வருஷம் கழித்து வா. மார்ட்டெகாய் நாவலில் இப்படி ஒரு காட்சி வந்திருந்தால் எழுத்தாளர் மிகைப்படுத்துகிறார் என்றிருப்போம். பாக்கெட் நாவல் வில்லன் மீசையை முறுக்குவான். சைமன் மீசையை முறுக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கையெழுத்தை.

4. உரிமை கோரியவர்: சிவலிங்கம்

பத்தூர் நடராஜருக்கு மறுபடி வருகிறேன். எண்ணெய் நிறுவனம் அவரை வாங்கியதும், பழுது பார்க்கும் யோசனை கேட்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அங்கேயே லண்டன் போலீசார் அவரைப் பறிமுதல் செய்தார்கள். எங்கள் பொருளைத் திருப்பிக் கொடு என்று நிறுவனம் போலீஸ்மேல் வழக்குப் போட்டது. எதிர்த் தரப்பில் இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, இடிந்த அந்தக் கோயில். கூடவே, அந்தக் கோயிலில் கிடைத்த சிவலிங்கம். ஆம், லண்டன் உயர் நீதிமன்றத்தில் லிங்கம் உரிமை கோரி நின்றது.

எங்கள் சிலை வேறு, பத்தூர்ச் சிலை வேறு என்பது நிறுவனத்தின் வாதம். இதற்கு மண்ணைச் சோதித்தார்கள், உலோகத்தைச் சோதித்தார்கள், சிலையில் இருந்த கரையான் தடத்தையும் சோதித்தார்கள். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சிக் கூண்டில் ஏறிச் சோழர் பாணியை விளக்கினார். வெள்ளை விக் வைத்த வழக்கறிஞர்கள் நாள் கணக்கில் நடராஜரின் திருவாசியையும் பீடத்தையும் பற்றி வாதாடினார்கள். 1988இல் தமிழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு. 1991இல் மேல்முறையீடும் தள்ளுபடி. அவ்வாண்டே நடராஜர் தமிழகம் திரும்பினார்.

இதன் நகைச்சுவையை எவரும் கேலிக்குரியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோயில் தெய்வம் சொத்துரிமை உள்ள ஓர் ஆள் என்பது இந்தியச் சட்டத்தில் பழகிய விஷயம். கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு அது இன்னும் பழையது. நிலம் தெய்வத்தின் பெயரில்தான் எழுதப்பட்டது. லண்டன் நீதிபதிக்கு மட்டுமே அது புதுமை. என்னைச் சிரிக்க வைப்பது அதற்கு அடுத்த அத்தியாயம். இத்தனை பாடுபட்டு மீட்டு வந்த திருமேனிகள் பல, அவற்றின் ஊருக்குப் போகவில்லை. ஊரில் பாதுகாப்பில்லை என்பதால் திருவாரூர், கும்பகோணம் போன்ற இடங்களில் உள்ள பாதுகாப்பு மையங்களில் பூட்டிய அறைக்குள் இருக்கின்றன. கான்பராவில் கட்டணமில்லாமல் யாரும் பார்க்க முடிந்த நடராஜரை அரியலூர் விவசாயி பார்க்க வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். பாதுகாப்பு தேவைதான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாவலாசிரியர் இந்தக் காட்சியைத் தவறவிடக் கூடாது.

காவலர்களையும் விட முடியாது. தமிழ்நாட்டில் சிலைக் கடத்தலைத் தடுக்க 1983இல் தனிப்பிரிவு தொடங்கினார்கள். மீட்ட சிலைகளை விற்றதாக அந்தப் பிரிவில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே 2017இல் கைதானார். அவரைக் கைது செய்த காலத்தில் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர்மேல் பிற்பாடு, அந்தக் கைதான அதிகாரியின் புகாரிலேயே சிபிஐ வழக்குப் பதிந்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எழுத்தாளருக்குத் தேவையான முடிச்சு ஏற்கனவே விழுந்துவிட்டது.

5. பொறுப்பாளருக்கு வாக்களித்த ஆழ்வார்

தமிழுக்கு இந்த வகை நகைச்சுவை அந்நியம் என்று சொல்பவர்களுக்காகத் திருமங்கையாழ்வாரை அழைத்து வந்தேன். குருபரம்பரைக் கதைகளை இங்கே பலரும் கேட்டிருப்பீர்கள். திருவரங்கத்துத் திருப்பணிக்குப் பொன் போதவில்லை. நாகப்பட்டினத்து விகாரையில் பொன்னாலான புத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆழ்வார் அதைக் களவாடுகிறார். திரும்பும் வழியில் திருக்கண்ணங்குடியில் பொழுது சாய்கிறது. சிலையை ஒரு வயல் சேற்றில் புதைத்துவிட்டு, அருகிலிருந்த புளியமரத்தைக் காவலுக்கு வைத்துவிட்டு உறங்குகிறார். விடிந்ததும் நிலத்துக்காரர் ஏரோடு வருகிறார். உழுதால் புத்தர் வெளியே வந்துவிடுவார். ஆழ்வார் ஒரே போடாகப் போடுகிறார்: இது என் நிலம். வழக்கு ஊர்ப் பெரியவர்களிடம் போகிறது. ஆவணம் எங்கே என்கிறார்கள். ஒரு நாள் தவணை கொடுங்கள், கொண்டுவருகிறேன் என்கிறார். கொடுக்கிறார்கள். அன்றிரவே சிலையோடு புறப்பட்டுவிடுகிறார். உறங்காப் புளி, தீரா வழக்கு என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

பக்தியின் கண்ணோடு பார்த்தால் இது வேறு கதை. அதில் நான் கை வைக்கவில்லை. கதை கட்டிய கையின் திறமையை மட்டும் பாருங்கள். திருட்டின் விவரம் சுருக்கமாகப் போய்விடுகிறது. கதை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம், இல்லாத ஓர் ஆவணத்துக்காக ஊர் ஒரு நாள் காத்திருக்கும் இடம். டெல்லி ரசீதுக்கும் சூடான் கடிதத்துக்கும் பல நூற்றாண்டு முன்னரே நம்மவர் அதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

கதையில் வரும் நாகப்பட்டினத்தை நாம் அந்நியமாக நினைக்க முடியாது. ரஜூலா கப்பல் அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கில்தான் இறக்கிவிட்டது. அதற்குத் தொள்ளாயிரம் ஆண்டு முன்னால் கடாரத்து அரசன் அதே நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பினான். ராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். ஆழ்வார் காலம் அதற்கு முந்தியது, எனவே அவர் கைவைத்தது வேறு விகாரையாகத்தான் இருக்க வேண்டும். கடாரம் நமக்கு அண்டை வீடு, கெடா. ஆனைமங்கலம் கொடைக்கு எழுதிய செப்பேடு ஹாலந்துக்குப் போய், லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றது.

6. நம் மண்ணில் கேள்வி கேட்காதவர்கள்

1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ, இன்று செபராங் பிறை என்று சொல்லும் பகுதியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டளவில் மாலுமி புத்தகுப்தன் பொறித்து வைத்த கல். கப்பல் பயணம் நல்லபடி முடிய வேண்டிக்கொண்ட கல். அது இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. அதிகாரி ஒருவர் எடுத்து, அறிஞர் சபைக்கு அனுப்பி, சபை பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது. எல்லாம் காகிதப்படி ஒழுங்கு.

2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண் சண்டி என்ற பழங்கோயிலை நிலம் திருத்தும் இயந்திரங்கள் இடித்துத் தள்ளின. செய்தி வெளிவந்து நாடே பேசியது. தனியார் நிலம், அரசிதழில் பதிவு செய்யப்படாத இடம் என்பது அப்போது வந்த விளக்கம். ஸ்ரீபுரந்தானில் பொய்க் காகிதம் ஒரு கோயிலைச் சூறையாடியது. இங்கே காகிதமே இல்லாததால் ஆயிரம் ஆண்டுக் கட்டடம் போயிற்று. திருடன் என்று சுட்டிக்காட்ட ஒருவர்கூட இல்லாத குற்றக் கதை இது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் எவராவது இதை எழுத முனைந்தால், கதையை ஒரு நில அலுவலகக் கோப்பு அறையில் தொடங்கும்படி கேட்டுக்கொள்வேன்.

7. துப்பறிபவர் யார்?

கலைத் திருட்டைக் கண்டுபிடிக்கச் சங்கர்லால் வேண்டாம். கபூர் வலையை வெளிக்கொணர்ந்தவர்களில் முக்கியமானவர் எஸ். விஜயகுமார், சிங்கப்பூரில் கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சரக்குப் பட்டியலோடு புழங்கிய மனிதர். பழைய புகைப்படத்தையும் ஏல விற்பனைப் படத்தையும் பக்கத்தில் வைத்து, திருவாசியில் உடைந்த சுடரையும் பீடத்தில் தேய்ந்த விளிம்பையும் ஒப்பிட்டார். 2018இல் வந்த அவர் நூல் தமிழிலும் 'சிலைத் திருடன்' என்று கிடைக்கிறது. துப்பாக்கி, துரத்தல் எதுவும் அதில் பெரிதில்லை; பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் வேறுபாடு தேடும் பொறுமையே பெரிது.

ஆகவே என் யோசனை இது. பினாங்கில் இந்த நாவலை எழுதுபவர் துப்பறிபவராக ஒரு கிட்டங்கிக் கணக்கப்பிள்ளையை வைக்கட்டும். லெபோ பினாங்கில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த காலத்தில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்த ஒருவர். ஐந்து வெள்ளிக்கு வராத கணக்கை விடிய விடியத் தேடுபவர். யார் ஈடு, யார் சாட்சி, சீட்டு எழுதிய கை யாருடையது என்று கேட்காமல் பெட்டகத்தைத் திறக்காதவர். அவர் முன்னால் டெல்லி ரசீதைக் கொண்டுபோய் வையுங்கள். கான்பராவில் படித்த மேதைகள் கேட்காத கேள்வியை அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே கேட்டுவிடுவார்: "ரசீது 1970ன்னு போட்டிருக்கு. சரி. கடைக்காரன் யாருகிட்ட வாங்கினான்?" அந்த ஒரு கேள்வியோடு கதை தொடங்கிவிடும்.

அந்தக் கணக்கப்பிள்ளையைச் சுற்றிக் கனவான்களை நிறுத்துங்கள். ரசனை உள்ளவர்கள், நன்கொடை கொடுப்பவர்கள், கும்பாபிஷேக மலரில் படம் போட்டுக்கொள்பவர்கள். யாரையும் அரக்கனாக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தான் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை, மரியாதைக் குறைவு என்றோ நேரமில்லை என்றோ கேட்காமல் விடட்டும். பிணம் வேண்டுமானால் ஒன்று போதும்.

மூலப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பத்தூர் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு சட்ட அறிக்கைகளில் அச்சாகியிருக்கிறது. மன்ஹாட்டன் குற்றப்பத்திரிகை பொதுமக்கள் படிக்கக் கிடைக்கிறது. புதுச்சேரியின் புகைப்படத் தொகுப்பு ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. இந்த அறக்கட்டளையாருக்கும் ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை, இப்படி ஒரு நாவலை எழுத முன்வரும் இளம் எழுத்தாளர் ஒருவருக்கு ஒதுக்குங்கள்.

கடைசியாக, கோயில் நிர்வாகக் குழுக்களில் பொறுப்பில் இருப்போர் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். குயின் தெரு மகாமாரியம்மன் ஆலயம் 1833இல் தோன்றியது. தண்ணீர்மலை நகரத்தார் கோயில் 1857இல். இவற்றிலும் மாநிலத்தின் சிறு கோயில்களிலும் உள்ள பழைய உற்சவ மூர்த்திகளை, அலங்காரம் களைந்த நிலையில், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பீடத்தின் அடியிலும் படமெடுங்கள். உயரம், எடை, தேதி எழுதுங்கள். ஒரு படி கோயிலில் இருக்கட்டும், இன்னொன்றை வேறிடத்தில் வையுங்கள். பழுது பார்க்க ஸ்தபதியிடம் கொடுக்கும்போதும், திரும்பி வரும்போதும், அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.